பத்துக்கு ஆறு

பத்துக்கு ஆறுதான் என்று தெரிந்ததும், படங்களுக்குச் சட்டம் அடிக்கிற பிரேம் கடைக்காரருக்குக் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

மதிப்பெண் வாங்கியவள் என்னவோ மூன்றாம் வகுப்பில் படிக்கிற அவருடைய மகள்தான். தெருவில் எல்லாருக்கும் அவள் வாண்டு. அந்த வாண்டு ஆறைப் பற்றிக் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. புத்தகப் பையைக் கடையின் மூலையில் எறிந்துவிட்டு, மேசையடியில் கிடந்த மரத்தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு, தன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறு வாங்கிய கட்டுரை ‘என் வீட்டுப் பூனை’. எழுதியவர் அவளுடைய அப்பா. சங்கடமே அங்கேதான்.

"நல்லாப் பாத்தியா? நோட்டைத் தலைகீழாப் பிடிச்சிருப்பே. ஒன்பதா இருக்கும்."

நோட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தார். ஒன்பது வந்தது. கூடவே பூனையும் தலைகீழாக நின்றது.

"நாலு மார்க்கு எதுக்குக் குறைச்சாங்கன்னு டீச்சர்கிட்டக் கேட்டியா?"

"எழுதினது நீதானேப்பா. நீயே போய்க் கேளு."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போய்க் கேட்கிற நிலையிலா அவர் இருந்தார்?

இது தொடங்கியது ஒரு தூக்கத்தில். வாண்டுவின் அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். மாலையில் வருகிற கூட்டம் ஓய்ந்த பிறகுதான் வீடு திரும்புவாள். அதனால் பள்ளி விட்டதும் வாண்டு நேரே கடைக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் வீட்டுப்பாட நோட்டையே தலையணையாக்கித் தூங்கிப்போனாள். எழுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. கன்னத்துக்கடியிலிருந்து நோட்டை மெல்ல உருவி, பாக்கியை அவரே எழுதினார். வலது கையால் எழுதினால் ரசீது எழுதுகிற கிறுக்கல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பென்சிலை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். அச்சு அசல் மூன்றாம் வகுப்பு.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் ‘நன்று’ என்று இருந்தது.

பிரேம் கடைக்காரர் அந்த வார்த்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படித்த காலத்தில் வாத்தியார்கள் அவரை மக்கு என்றார்கள். அவரும் பெரியவர்கள் பேச்சைத் தட்டக்கூடாது என்று அதையே நம்பி, பாதியில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டார். பிறகு இத்தனை வருஷமாக ஊரார் வாங்கிய பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் நற்சான்றிதழுக்கும் அளவெடுத்துச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தன் பேரில் ஆணியடித்து மாட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு ‘நன்று’. கண் கலங்கிவிட்டது என்பதே உண்மை. மரத்தூள் விழுந்துவிட்டதாக மகளிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் ஓர் உடன்படிக்கை. அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார். வாண்டு கடையைப் பார்த்துக்கொள்வாள். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையில் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவாள். வருகிறவர்களிடம், "இந்தப் போட்டோவுக்குத் தங்கக் கலர் வேணாம், மூஞ்சி மங்கிடும்" என்று யோசனை சொல்வாள். அவள் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இரண்டு பேருக்கும் அவரவர் வேலை பிடித்திருந்தது. வேலைகள்தான் இடம் மாறியிருந்தன.

இது மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் உடன்படிக்கையின் முதல் விதி. அவளுக்கு வீட்டுப்பாடத்தைப் பற்றித் தீர்மானமான கருத்து உண்டு. சாப்பிடும்போதெல்லாம் சொல்வாள்: "மார்க்கு வரும் போகும். தானா உக்காந்து ஒரு வேலையை முடிக்கிற பழக்கம் வரணும். அதுக்குத்தான் வீட்டுப்பாடம்."

அவரும் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவார். அந்தப் பழக்கம் வீட்டில் ஒருவருக்கு வந்துதான் இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த ஆறு. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தலைப்பு ‘மழை’. ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். கடை வாசலில் மழை பெய்யும்போது கண்ணாடிகளில் ஓடுகிற நிழலை எழுதினார். சட்டமில்லாத ஒரே படம் மழைதான் என்று எழுதினார். வானம் பெருமூச்சு விட்டது என்று எழுதினார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே புல்லரித்தது. வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு, வாண்டுவிடமே அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

நோட்டு திரும்பி வந்தது. ‘வயதுக்கு மீறிய நடை. வானம் ஏன் பெருமூச்சு விட வேண்டும்? எழுத்தின்மேல் கை உரசிப் பென்சில் கரி கலைந்திருக்கிறதே, இடது கையா?’ மதிப்பெண் ஐந்து.

ஒரே ஆறுதல், ஓரத்தில் நிறையச் சுழிகள் இருந்தன. பன்றிக்குட்டி வாலைச் சுருட்டிக்கொண்டதுபோல ஒரு சின்னச் சுழி. நட்சத்திரம் போடுவது பழைய வழக்கமாகிவிட்டது, இப்போது இதுதான் பாராட்டு போலிருக்கிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பூனைக்கு ஒன்றோ இரண்டோதான் வந்தது. மழைக்குப் பக்கம் முழுவதும் சுழி.

"சுழியெல்லாம் போட்டுட்டு அஞ்சு குடுத்தா என்ன நியாயம்?" என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"நீ ரொம்ப நல்லா எழுதிட்டேப்பா. கொஞ்சம் தப்பாவும் எழுது. எங்க கிளாஸ்ல எல்லாரும் தப்பாத்தான் எழுதுவாங்க."

பிள்ளை வாயில் வந்தது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த கட்டுரையில் மூன்று வரிக்கு ஒரு பிழை என்று கணக்காக வைத்தார். தொழில்காரர் அல்லவா, இடைவெளி பிசகாமல் ஆணி அடிப்பதுபோல அடித்துவிட்டார். அதுவே வினையாகிப்போனது. ‘பிழைகளை அளவெடுத்து வைத்ததுபோல் இருக்கிறது. கவனக்குறைவு அல்ல, குறும்பு. கட்டுரை முழுவதையும் ஐந்து முறை எழுதவும்’ என்று வந்தது.

எழுதினார். வேறு யார் எழுதுவது? இடது கையால் ஐந்து முறை எழுதி முடித்தபோது மணிக்கட்டு பன்போல வீங்கியிருந்தது. மனைவி மருந்து தடவித் துணிக்கட்டுப் போட்டுவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்குச் சுத்தியல் நழுவிவிட்டது என்றார். தினமும் ஊரார் கைகளைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் அவள்.

"சுத்தியல் பட்டா கன்னிப்போகும். இது எதையோ ரொம்ப நேரம் பிடிச்ச வீக்கமா இல்ல இருக்கு?"

"சுத்தியலைத்தான் பிடிச்சேன்."

"இடது கையிலயா?"

அவர் கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கையோடு மறுநாள் பல் மருத்துவரின் பட்டத்துக்கு அட்டை வெட்ட உட்கார்ந்தார். கை பிசகி, அட்டையின் ஓரம் டாக்டரின் பெயரில் பாதியை விழுங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். வாண்டுதான் புது அட்டையை எடுத்தாள். நாலு பக்கமும் அளந்தாள், விரல் விட்டுக் கூட்டினாள், ஓரத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கழித்தாள், கோடு போட்டு அவரிடம் நீட்டினாள். மயிரிழை பிசகவில்லை. அந்தக் கஷ்டத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அன்றைய வீட்டுப்பாடத்துக்குக் கை உதவாது. உடன்படிக்கை முறிந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் நீயே எழுதிடு தங்கம்."

வாண்டு நோட்டை வாங்கி ‘என் அப்பாவின் கடை’ என்று மடமடவென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இத்தனை நாள் அட்டையில் கோடு போட்டுப் பழகிய கை அது. வரிகள் நூல் பிடித்தமாதிரி நின்றன. எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. அப்பாவின் இடது கை அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இனி கவலையில்லை, உண்மையான பிள்ளை உண்மையாக எழுதியது, யார் என்ன சொல்ல முடியும் என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

சொல்லிவிட்டார்கள். ‘இது பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்தது. இதுவரை எழுதிவந்த பிள்ளையே இனியும் எழுதட்டும். பெற்றோர் இருவரும் நேரில் வரவும்.’

ஆறுக்கும் ஐந்துக்கும் அசையாத வாண்டு, இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

"நானே எழுதினதுப்பா. ஒண்ணே ஒண்ணுதான் நானே எழுதினேன்."

பிரேம் கடைக்காரருக்கு யாரோ நெஞ்சில் ஆணியை வைத்து அழுத்தியதுபோல இருந்தது. மக்கு என்று சொன்னால் எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். திருடி என்றால் இன்னும் வலிக்கும். தான் செய்த கூத்துக்கு மகள் பழி சுமக்கிறாளே என்று அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை.

மனைவியிடம் மறைக்கவும் வழியில்லை. பெற்றோர் இருவரும் என்று எழுதியிருந்தது. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள். மகள் எழுதுவதை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறாள். அது மகளின் எழுத்துதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வகுப்புல தினமும் பாக்குற கையெழுத்து டீச்சருக்குத் தெரியாதா? பிள்ளை எழுதினதைப் பெரியவங்க எழுதினதுன்னா சும்மா விடுறதா? வாங்க, போய்க் கேட்டுட்டு வருவோம்."

"வேணாம் விடு. அவங்களுக்கு ஆயிரம் பிள்ளைங்க."

"நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க?"

அதற்கும் ஒரு கொட்டாவியைத்தான் அவரால் விட முடிந்தது. தன் குற்றத்துக்காகத் தன் மனைவி இன்னொருத்தியோடு சண்டை போடப் போகிறாள், தான் கூடவே போய் நிற்க வேண்டும் என்று நினைத்தபோது, சுத்தியலால் நிஜமாகவே ஒரு போடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு இருவரும் போனார்கள். வாசலில் ஒல்லியான மனிதர் ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு செய்தித்தாளும் பேனாவுமாக மும்முரமாக இருந்தார். குறுக்கெழுத்துப் போட்டி போலிருக்கிறது. மூன்றாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனாவாலேயே வழி காட்டினார்.

வகுப்பில் வாண்டு மட்டும் காத்திருந்தாள். பெற்றோரைக் குட்டி நாற்காலிகளில் உட்காரச் சொன்னார் டீச்சர். சின்ன வயது, சாக்பீஸ் படிந்த விரல்கள், நாள் முழுவதும் கத்தி ஓய்ந்த குரல். பிரேம் கடைக்காரரின் முழங்கால்கள் மோவாயைத் தொட்டன. குற்றவாளிக்கு ஏற்ற ஆசனம்தான்.

"சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?" என்றார் டீச்சர்.

மனைவிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"நானா?"

மனைவி கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். டீச்சர் ஆவலோடு படித்தார். முகம் மலர்ந்தது. "பாப்பாவோட எழுத்துதானே இது? எவ்வளவு அழகா எழுதியிருக்கா" என்றவர், கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அங்கே சிவப்பு மை இருந்தது. அதைப் படித்ததும் டீச்சரின் முகத்திலிருந்து மலர்ச்சி இறங்கிப்போனது. நோட்டைச் சட்டென்று மூடி அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"அழகா எழுதியிருக்கான்னு நீங்களே சொல்றீங்க. பெரியவங்க எழுதினதுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. எதைங்க நம்பறது?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் தடுமாறினார். பார்க்கப் பாவமாக இருந்தது. வாண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் மறுபடி நீர் தளும்புவதைப் பார்த்ததும் பிரேம் கடைக்காரர் முழங்கால்களை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"டீச்சர்மேல தப்பில்ல. இது ஒண்ணுதான் பாப்பா எழுதினது. மத்ததெல்லாம் நான்."

சொல்லிவிட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று கட்டுப்போட்ட இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

மனைவி அவருடைய கையைப் பார்த்தாள், சுத்தியலை நினைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் கைக்கடியிலிருந்து நோட்டை இழுத்து முதலிலிருந்து புரட்டினாள். பூனையைத் தாண்டி மழைக்கு வந்ததும் புரட்டுவது நின்றது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை முழுக்கப் படித்தாள்.

"இதை நீங்களா எழுதினீங்க?"

"கோவிச்சுக்காதே."

"கோவமெல்லாம் வீட்டுல வச்சுக்கிறேன்" என்றாள். ஆனால் குரலில் சூடு இல்லை. "இதுக்கு அஞ்சு மார்க்கு ரொம்பக் கம்மி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட பேச்சுகளில் இதுபோல இனித்தது எதுவும் இல்லை. அந்தத் தெம்பில் டீச்சரிடம், ஓரத்தில் போட்டிருக்கும் சுழிக்கு எத்தனை மார்க்கு என்று கேட்டுவிட்டார். டீச்சர் சுழியைப் பார்த்தார். நோட்டைச் சாய்த்தும் பார்த்தார்.

"அது வந்து... எனக்கும் சரியாத் தெரியல" என்றவர், அவசரமாக, "புது முறைங்க" என்றார்.

பிறகு வாண்டுவைப் பக்கத்தில் அழைத்து, பெரியவர் எழுதியது என்று எழுதியிருந்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றார். பக்கத்தின் அடியில் தன் கையாலேயே பத்துக்குப் பத்து போட்டார். சாயங்காலம் எல்லாம் கடையில் என்ன செய்வாய் என்று கேட்டார். நாலு பக்க அளவையும் கூட்டுவது, அட்டைக்கு ஓரம் கழிப்பது, டாக்டர் பெயரைக் காப்பாற்றியது என்று வாண்டு மூச்சுவிடாமல் அடுக்கினாள். டீச்சர் வாய் பிளந்து கேட்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன். இந்த வகுப்புக்கு வீட்டுப்பாடத்தையே கொஞ்ச நாள் நிறுத்திடுவோம். எல்லாருக்கும் நல்லது."

மனைவி அசந்துபோனாள். இப்படிப் பெருந்தன்மையான டீச்சரோடா சண்டைக்கு வந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பிரேம் கடைக்காரர்தான் பதறிப்போனார்.

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். வீட்டுப்பாடம் இல்லாம எப்படித் தேறுறது? நேத்துச் செஞ்ச தப்பை இன்னிக்குத் திருத்துனாத்தானே முன்னுக்கு வர முடியும்?"

"யாரு, பிள்ளைங்களா, நீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அதோடு அவர் அடங்கிவிட்டார். மனைவியும் டீச்சரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றுவிட, அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். குற்றம் போயிற்று, மகள் முகம் தெளிந்தது, மனைவி மழையைப் படித்துவிட்டாள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நாளை சாயங்காலம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்தபோது மனதுக்குள் ஒரு சுவர் வெறுமையாகத் தெரிந்தது.

"பரவாயில்லப்பா, நான் உனக்கு வீட்டுப்பாடம் குடுக்கிறேன்" என்றாள் வாண்டு.

"குடுப்பே. யாரு திருத்துறது?"

வாசலில் அந்த ஒல்லி மனிதர் இன்னும் செய்தித்தாளோடு இருந்தார். கடந்து போகும்போது பிரேம் கடைக்காரரின் கண் தற்செயலாகத் தாளின் ஓரத்தில் விழுந்தது. கால் நின்றுவிட்டது. குறுக்கெழுத்துக் கட்டம் எதுவும் இல்லை. பத்திக்குப் பத்தி சிவப்பு மையில் கோடு. ஓரம் முழுவதும் வாலைச் சுருட்டிய பன்றிக்குட்டிகள்.

அவர் அந்தச் சுழியைத் தொட்டுக் காட்டினார். ஒல்லி மனிதர் நிமிர்ந்து முதலில் வாண்டுவைப் பார்த்தார், பிறகு கட்டுப்போட்ட இடது கையைப் பார்த்தார். டீச்சர் வருகிறாரா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மழை நீங்கதானா? அந்தச் சுழிக்கு ‘எடுத்துடு’ன்னு அர்த்தங்க. அச்சாபீசுல பிழை திருத்துறவன் நான். பகல் பூரா ஊரைத் திருத்துறேன், சாயங்காலம் வீட்டுக்காரம்மா கொண்டுவர்ற நோட்டுல உங்களைத் திருத்துறேன்."